தடுப்பூசிக் காலத்தில் மருந்துண்ணல்: தென்காசி, குற்றாலம் வட்டார வரலாறு

தடுப்பூசி போட்டுக்கொள்ளும் நாளுக்கு முன்னும் பின்னும் எந்த மருந்தை உண்ணலாம், எதை நிறுத்த வேண்டும் என்பது மருத்துவ வரலாற்றில் நெடுநாளாகத் தொடரும் கேள்வியாகும். தமிழ்நாட்டின் தென்மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இக்கேள்விக்கு மூன்று வேர்கள் உள்ளன. அம்மை நோய்க்கு மருந்தே கொடுக்காத வழக்கம் ஒன்று. சித்த மருத்துவத்தின் பத்திய முறை மற்றொன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த அம்மைத் தடுப்பு முறை மூன்றாவது. இம்மூன்றும் கலந்ததால், 'ஊசி போட்டால் மற்ற மருந்துகளை நிறுத்த வேண்டும்' என்ற எண்ணம் மக்களிடையே ஊன்றியது. அந்த எண்ணம் எங்கே சரி, எங்கே தவறு என்பதைச் சென்னையிலும் பிற இடங்களிலும் நடந்த ஆய்வுகள் படிப்படியாகத் தெளிவாக்கின.

வட்டாரப் பின்னணி

தென்காசி நகரம் காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்தது. அதற்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் குற்றாலம் உள்ளது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கு வீசும் சாரலும் அருவிகளும் பெயர் பெற்றவை. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2019 நவம்பர் 22 அன்று தொடங்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் அடங்கியது.

குற்றால மலையும் அதன் தெற்கே நீளும் பொதிகை மலையும் மூலிகை வளத்துக்குப் பேர்போனவை. சித்த மருத்துவ மரபு அகத்தியரைப் பொதிகையோடு இணைத்துப் பேசுகிறது. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மருந்துண்ணும் நாள்களில் உணவையும் நடத்தையையும் கட்டுப்படுத்தும் 'பத்தியம்' இம்மருத்துவத்தின் இன்றியமையாத பகுதியாகும். ஒரு மருந்து உடலில் வேலை செய்யும்போது அதைக் கெடுக்கும் பொருள் உள்ளே போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. புளி, உப்பு, இறைச்சி, எண்ணெய்க் குளியல் போன்றவை மருந்துக்கு ஏற்ப விலக்கப்படும். ஊசி வந்தபோது மக்கள் அதையும் ஒரு மருந்தாகவே கண்டு, அதற்கும் பத்தியம் உண்டு என்று கொண்டது இயல்பே.

குற்றாலத்தை அடுத்துள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த பகுதியாக இருந்தது. எனவே அருகருகே இருந்த ஊர்களில் சென்னை மாகாணம், திருவிதாங்கூர் சமஸ்தானம் என்ற இரு நிர்வாகங்களின் கீழ் அம்மைத் தடுப்புப் பணி நடந்தது.

அம்மையும் மருந்து விலக்கும்

பெரியம்மை கண்டவரின் வீட்டில் மாரியம்மன் வந்து தங்கியிருப்பதாகத் தமிழகமெங்கும் நம்பப்பட்டது. 'அம்மை போட்டிருக்கிறது', 'முத்து இறங்கவில்லை' என்று மரியாதையோடு பேசினர். வாசலில் வேப்பிலை செருகப்பட்டது, வெளியார் உள்ளே வருவதில்லை, சமையலில் தாளிப்பதில்லை. நோயாளிக்கு இளநீர், கூழ் போன்ற குளிர்ச்சியான உணவுகள் தரப்பட்டன. மருந்து கொடுப்பது அம்மனைச் சினமூட்டும் செயலாகக் கருதப்பட்டது. கொப்புளங்கள் உதிர்ந்த பின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவதோடு அந்தக் காலம் முடியும்.

இவ்வழக்கத்தின் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. பெரியம்மையைக் குணப்படுத்தும் மருந்து அந்நாளில் எந்த மருத்துவத்திலும் இல்லை. கடும் பேதி மருந்துகளையும் இரத்தம் வெளியேற்றுதலையும் ஐரோப்பிய மருத்துவர்கள் கையாண்ட காலத்தில், நோயாளியைத் தனியே வைத்து நீராகாரம் கொடுத்தது உடலுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்த பிறகு, கொப்புளங்களில் சீழ் பிடித்தாலும் நிமோனியா கண்டாலும் மருந்தைத் தவிர்ப்பது ஆபத்தானது. நன்மை செய்த வழக்கமே சூழல் மாறியபோது இடராக மாறியது.

அம்மை குத்துதல்

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் 1796இல் மாட்டம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று சோதித்துக் காட்டினார். அப்பால் பல கைகள் மாறி 1802 ஜூனில் பம்பாயை அடைந்து, அதே ஆண்டில் சென்னைக்கும் வந்தது. திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமிபாயின் ஆட்சியில் (1810–1815) அம்மை குத்துதல் தொடங்கியது. மக்களின் அச்சத்தைப் போக்க அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டனர். அரசுப் பணியாளர், கைதிகள், மாணவர்கள் ஆகியோருக்கு அச்சமஸ்தானம் 1879இல் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயத் தடுப்புக்கு வழி வகுத்தது.

தொடக்கத்தில் ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து பாலெடுத்து மற்றொரு குழந்தையின் கையில் குத்தினர். இம்முறையில் வேறு நோய்கள் பரவும் இடர் இருந்தது. சாதி காரணமான மறுப்பும் எழுந்தது. பின்னர் கன்றின் தோலில் வளர்க்கப்பட்ட அம்மைப்பால் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை கிண்டியில் 1899இல் தொடங்கப்பட்ட கிங் நிறுவனம் மாகாணத்துக்கு அம்மைப்பால் தயாரித்து வழங்கியது.

அம்மை குத்திய இடம் சில நாளில் சிவந்து, கொப்புளமாகிப் பழுத்து, பொருக்குத் தட்டி, மூன்று வாரங்களில் தழும்பாகும். காய்ச்சலும் வரும். தாய்மாருக்கு இது சிறிய அம்மையாகவே தோன்றியது. எனவே அம்மை நோய்க்குரிய விலக்குகள் அம்மை குத்துதலுக்கும் வந்தன. குத்தியவர் அகன்றதும் அம்மைப்பாலைத் துடைத்து விடுவோரும் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தனர். கிராமத்துக்கு வந்த அம்மை குத்துபவர் ஊசியின் பயனை மட்டும் சொன்னால் போதவில்லை. அடுத்த மூன்று வாரம் எதை உண்பது, எதைப் பூசுவது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நாய்க்கடி ஊசி

வெறிநாய்க்கடி மருத்துவத்தில் இக்கேள்வி உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. தென்னிந்தியாவுக்கான பாஸ்டர் நிறுவனம் 1907இல் குன்னூரில் தொடங்கப்பட்டது. ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட செம்பிள் தடுப்பு மருந்து பல பத்தாண்டுகள் பயன்பட்டது. 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்று மக்கள் நினைவில் நிற்பது இதுவே. இந்தியாவில் இதன் பயன்பாடு 2004 இறுதியோடு முடிவுக்கு வந்தது.

நாய் கடித்தவருக்குப் பச்சிலைச் சாறு கொடுத்துக் கடும்பத்தியம் வைப்பது நாட்டு மருத்துவ வழக்கம். பலர் பத்தியம் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போட்டனர். வெறிநோய் வெளிப்பட்ட பின் பிழைப்பது மிக அரிது என்பதால், இந்தத் தாமதமே பலருக்கு எமனாக முடிந்தது. காயத்தைச் சோப்பு நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசியைத் தொடங்குவதே சரியான முறை. ஊசிக்காக வேறு நோய்க்கான மாத்திரைகளை நிறுத்தத் தேவையில்லை.

ஊசியோடு மற்றொரு மருந்தைச் சேர்ப்பது உயிர் காக்கும் என்பதற்கு இந்நோயே சான்று. ஈரானில் 1954இல் வெறிபிடித்த ஓநாய் ஒன்று 29 பேரைக் கடித்தது. தலையில் கடுங்காயம் பட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தனர். தடுப்பூசியோடு எதிர்ப்புச் சீரமும் பெற்ற 13 பேரில் ஒருவரே இறந்தார். ஊசியால் உடல் தனக்கான எதிரணுக்களை உண்டாக்கச் சில நாள்கள் ஆகும். அதுவரை, வெளியிலிருந்து செலுத்தப்படும் ஆயத்த எதிரணுக்கள் காக்கின்றன. ஆனால் சீரம் அளவு மீறினால் அது தடுப்பூசியின் வேலையையே மட்டுப்படுத்தும். அதனால்தான் உடல் எடைக்கு ஏற்ற அளவு இன்றும் கண்டிப்பாகப் பின்பற்றப்படுகிறது.

இதற்கு எதிரான பாடத்தை மலேரியா மருந்து கற்றுத்தந்தது. தோலுக்குள் போடப்படும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பெறும் காலத்தில் குளோரோகுயின் உண்டவர்களுக்கு எதிரணுக்கள் குறைவாகவே உருவாயின என்று 1986இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லா மருந்தும் ஊசியைக் கெடுப்பதில்லை; ஆயினும் கெடுக்கும் மருந்து சில உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று.

சென்னைச் சோதனைகள்

தடுப்பூசியோடு மருந்தும் கொடுத்தால் என்னவாகும் என்பதை மனிதரிடையே அளந்து பார்த்த முதன்மையான ஆய்வுகளில் சில தமிழ்நாட்டிலேயே நடந்தன. பெரியம்மை நோயாளிகள் பெருமளவில் சேர்க்கப்பட்ட சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனை அவற்றின் களமாக இருந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் ஏ. ராமச்சந்திர ராவ் பெரியம்மை ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர்.

ஒரு வீட்டில் பெரியம்மை கண்டால், உடனிருப்பவருக்கு அதன் கிருமி முன்பே தொற்றியிருக்கலாம். நோய் வெளிப்பட ஏறத்தாழ 12 நாள் ஆகும். அந்த இடைவெளியில் தடுப்பூசி மட்டும் போதுமா என்பதே ஆய்வாளரின் கேள்வி. அமெரிக்க மருத்துவர் சி. ஹென்றி கெம்பெயும் அவரோடு பணியாற்றியோரும் சென்னையில் நடத்திய ஆய்வின் முடிவு 1961இல் வெளியானது. தடுப்பூசியோடு காமா குளோபுலினும் பெற்ற 326 பேரில் 5 பேருக்குப் பெரியம்மை வந்தது. தடுப்பூசி மட்டும் பெற்ற 379 பேரில் 21 பேருக்கு வந்தது.

அடுத்து மெத்திசசோன் என்னும் வாய்வழி மருந்து சோதிக்கப்பட்டது. மார்போரான் என்ற பெயரில் வந்த இம்மருந்தைப் பற்றிய சென்னை ஆய்வு 1963இல் லான்செட் இதழில் வெளியானது. நோயாளிகளோடு தொடர்பில் இருந்து மருந்துண்ட 1,101 பேரில் 3 பேருக்கு மட்டுமே இலேசான பெரியம்மை வந்தது. மருந்துண்ணாத 1,126 பேரில் 78 பேருக்கு நோய் வந்து, 12 பேர் இறந்தனர். பெரியம்மைக்கு மாத்திரை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை உலகெங்கும் எழுந்தது.

அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. பின்னர் சென்னையிலும் பாகிஸ்தானின் லாகூரிலும் நடந்த சோதனைகளில் அத்தகைய பெரும் பயன் தென்படவில்லை. மருந்து கடும் வாந்தியையும் உண்டாக்கியது. முதல் ஆய்வில் கண்ட வியப்பான எண்ணை அடுத்த ஆய்வு உறுதிப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இறுதியில் பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசியும், நோயாளியைத் தேடிக் கண்டறிந்து சுற்றியிருந்தோருக்கு ஊசி போட்ட முறையுமே. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதம் பதிவானார். உலகம் முழுவதும் நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது.

பெரியம்மைத் தடுப்பூசி விட்டுச்சென்ற எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அது உயிருள்ள கிருமியைக் கொண்டது. ஸ்டீராய்டு மருந்து உண்பவருக்கும் கரப்பான் நோய் உள்ளவருக்கும் குத்திய இடத்துக் கொப்புளம் உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளுக்கு முன் ஸ்டீராய்டு பற்றிக் கேட்கும் இன்றைய வழக்கத்துக்கு இவ்வனுபவமும் ஒரு காரணம்.

குழந்தைத் தடுப்பூசியும் காய்ச்சல் மருந்தும்

தமிழ்நாட்டின் துணை சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாளாகும். கக்குவான், தொண்டை அடைப்பான் உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கான ஐந்து கூட்டுத் தடுப்பூசி, இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் அறிமுகமானது. ஊசிக்குப் பின் குழந்தைக்குக் காய்ச்சல் வருவதும், பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுப்பதும் எல்லா வீட்டிலும் பழகிப்போன செய்திகள்.

காய்ச்சல் வருமுன்னரே அதைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, செக் குடியரசில் 459 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2009இல் விடையளித்தது. முன்கூட்டியே பாராசிட்டமால் பெற்ற குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது. ஆனால் சில நோய்களுக்கான எதிரணுக்களின் அளவும் குறைந்தது. எனவே வழக்கமாக முன்னரே கொடுக்காமல், காய்ச்சலோ வலியோ வந்த பின் எடைக்கேற்ற அளவில் கொடுப்பதே ஏற்றதாகக் கருதப்படுகிறது.

உயிர்ச்சத்து ஏ திரவத்தின் கதை வேறு. கண்பார்வையைக் காக்க ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசியோடு ஒரு லட்சம் அலகு கொடுப்பது இந்திய நடைமுறை. இந்தோனேசியாவில் ஆறு மாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று, இச்சத்து தட்டம்மை ஊசியின் பயனைக் குறைக்கலாம் என்ற ஐயத்தை 1995இல் எழுப்பியது. ஒன்பது மாதக் குழந்தைகளிடம் இந்தியாவில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு அந்த ஐயத்தைப் போக்கியது. ஊசியும் திரவமும் ஒரே நாளில் தொடர்கின்றன.

கொரோனாக் காலம்

கொரோனா தடுப்பூசிப் பணி இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், இணைநோயுள்ள 45 வயதைக் கடந்தவர்களுக்கும் ஊசி போடப்பட்டது. நாள்தோறும் மாத்திரை உண்பவர்களே முதலில் வரிசைக்கு வர வேண்டியிருந்ததால், பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தத் தேவையில்லை என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

சங்கரன்கோவில் வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நடிகர் விவேக், 2021 ஏப்ரல் 15 அன்று மக்களுக்கு ஊக்கமளிக்கப் பொதுவெளியில் ஊசி போட்டுக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் காலமானார். ஊசியே காரணம் என்ற வதந்தி பரவியது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, அவரது இறப்புக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று அவ்வாண்டு அக்டோபரில் தெரிவித்தது. ஊசிக்கு அஞ்சியோ, ஊசிக்காகவோ இதய மருந்துகளைக் கைவிடுவது எத்தகைய இடர் என்பதை மருத்துவர்கள் அந்நாள்களில் விளக்க வேண்டியிருந்தது.

பத்திய எண்ணம் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு அரசின் முடிவு ஒன்றே சான்று. தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துவந்த பெருந்தடுப்பூசி முகாம், 2021 அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. ஞாயிறன்று இறைச்சி உண்போரும் மது அருந்துவோரும் ஊசியைத் தவிர்ப்பதே காரணம் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் கூறினார். இறைச்சிக்கும் தடுப்பூசிக்கும் பகையில்லை என்பது மருத்துவ உண்மை. ஆயினும் அதை வாதிட்டுக்கொண்டிருப்பதைவிட நாளை மாற்றுவது எளிதாக இருந்தது.

நோய்த்தடுப்புக்காக 2020 முதல் அரசு வழங்கிய கபசுரக் குடிநீரைப் பலர் பருகினர். அதனால் ஊசி தேவையில்லை என்று கருதியோரும் இருந்தனர். ஊசிக்கும் குடிநீருக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்று கேட்டோரும் இருந்தனர். குடிநீர் தடுப்பூசிக்கு மாற்றாக முடியாது.

சிறுவர்களுக்கான ஊசி 2022 ஜனவரி 3 அன்று தொடங்கியபோது, சில மையங்களில் ஊசியோடு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மூன்று மாத்திரைகள் உண்ணுமாறு கூறப்பட்டது. கோவேக்சினுக்குப் பின் பாராசிட்டமாலோ வலிநிவாரணியோ பரிந்துரைக்கப்படவில்லை என்று அதைத் தயாரித்த பாரத் பயோடெக் நிறுவனம் அறிவித்தது.

உண்மையிலேயே நிறுத்த வேண்டிய மருந்து ஒன்றைப் பற்றிய சான்று மலைக்கு அப்பாலிருந்து வந்தது. மூட்டுவாத நோயாளிகள் வாரம் ஒருமுறை உண்ணும் மெத்தோட்ரெக்சேட், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தாகும். கொச்சியில் நடந்து 2022இல் வெளியான ஆய்வுகள், கோவிஷீல்டு ஊசிக்குப் பின் இரண்டு வாரம் அதை நிறுத்தியவர்களுக்கு எதிரணுக்கள் கூடுதலாக உருவானதைக் காட்டின. இரண்டு தவணைகளிலும் நிறுத்தினால் மூட்டுவலி மிகுந்தது. இரண்டாம் தவணைக்குப் பின் மட்டும் நிறுத்தினாலே போதுமான பயன் கிடைத்தது.

இன்றைய நிலை

இரு நூற்றாண்டு அனுபவத்திலிருந்து தெளிந்தவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கான மருந்துகளைத் தடுப்பூசிக்காக நிறுத்தக் கூடாது.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்பவர் அதை முன்கூட்டியே சொன்னால், நுண்ணிய ஊசி கொண்டு குத்தி, அவ்விடத்தைச் சற்று நேரம் தேய்க்காமல் அழுத்திப் பிடிப்பார்கள்.

உயர் அளவு ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து, உறுப்புமாற்று சிகிச்சை மருந்து உண்பவர்களுக்கு உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள் ஆபத்தாகலாம். மருந்தை நிறுத்துவதா, ஊசியைத் தள்ளுவதா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இரத்தமோ காமா குளோபுலினோ பெற்றவர்களுக்குத் தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் சில மாதங்கள் தள்ளிப்போடப்படும். பெரியம்மையில் துணைநின்ற அதே பொருள் இங்கே தடையாகிறது.

சின்னம்மைத் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு ஆறு வாரம் ஆஸ்பிரின் வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். அசைக்ளோவிர் அந்த ஊசியின் கிருமியையே அடக்கிவிடும்.

காசநோய் உள்ள தாயின் குழந்தைக்கு ஐசோனியசிட் கொடுக்கும்போது அது பி.சி.ஜி. ஊசியின் கிருமியையும் கொல்லக்கூடும். ஊசியின் காலத்தை மருத்துவர் குறிப்பார்.

மதிப்பீடு

தென்காசி வட்டார மக்களின் பழைய எண்ணம் முற்றிலும் பிழையானதன்று. ஒரு மருந்து மற்றொன்றின் வேலையைக் கெடுக்கலாம் என்ற பத்தியத்தின் அடிப்படையைக் குளோரோகுயினும் மெத்தோட்ரெக்சேட்டும் மெய்ப்பித்தன. பிழை இருந்தது அதை எல்லா மருந்துக்கும் பொதுவாக்கியதில்தான். நாய்க்கடியில் ஊசியைத் தள்ளிப்போட்டதும், ஊசிக்காக இதய மாத்திரையை நிறுத்துவதும் அப்பொதுமையின் விளைவுகள். பத்தியத்தை மருந்துக்கு மருந்து வேறுபடுத்திச் சொன்னவர்கள் சித்த மருத்துவர்கள். தடுப்பூசி மேசையிலும் அதே வேறுபாடு தேவைப்படுகிறது. உண்ணும் மாத்திரைகளின் சீட்டை ஊசி போடும் செவிலியரிடம் காட்டுவதே அதற்கு முதல் படியாகும்.